மாடி ஏறி இடதுபக்கம்

அந்த நம்பர் எழுதியிருந்தது
கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பிடத்தில்,
மூல வைத்தியருக்கும்
போர்வெல் லாரிக்கும் நடுவில்.
மூன்று வாரம் பார்த்தேன்.
நாலாவது வாரம் கடைசி இரண்டு எண்ணை
யாரோ சாவியால் சுரண்டியிருந்தான்.
அப்போதுதான் தெரிந்தது
எனக்கு அது மனப்பாடம் என்று.

எடுத்த குரல் பேர் கேட்கவில்லை.
"வியாழக்கெழம ஏழு மணி.
பெங்களூர் ரோட்டுல இரும்புக் கட,
மாடி ஏறி எடதுபக்கம்.
குடிச்சிருந்தாலும் பரவால்ல, வாங்க."

ஏறினேன். குடித்துவிட்டுத்தான்.
இடதுபக்கக் கதவில் முயல் படம்.
இதுவாக இருக்காது என்று வலதுபக்கம் போனேன்.
டை கட்டிய ஆட்கள், வரிசையாக நாற்காலி.
வாழ்க்கை நிலையில்லாதது என்றார்கள்,
சரிதானே என்று தலையாட்டினேன்.
நாளைக்கே நீங்கள் போய்விட்டால்
குடும்பம் என்னவாகும் என்றார்கள்,
அழுதுவிட்டேன்.
கடைசியில் பாலிசி பாரத்தை நீட்டினார்கள்.
குடிப்பழக்கம் உண்டா,
உண்டு, இல்லை, இரண்டு கட்டம்.
பேனாவை வைத்துவிட்டு இறங்கினேன்.

அந்த வாரம் பூரா கணக்கில் இல்லை.

அடுத்த வியாழன் முயலைத் தள்ளினேன்.
எல்.கே.ஜி. வகுப்பு.
முட்டி தாடையில் இடிக்க
குட்டி நாற்காலிகளில் ஒன்பது பேர்.
கிரானைட் பாலீஷ் போடுகிறவர்,
காவேரிப்பட்டணத்துக் கண்டக்டர்,
மீசை சரியாக முளைக்காத ஒரு பையன்,
கதவோரம்
பையை மடியில் இறுக்கிக்கொண்டு ஒரு பெண்.

எங்கள் பக்கம் உட்கார்ந்ததுமே
எந்த ஊரு என்பார்கள்.
ஊரைச் சொன்னால்
ஊர்ல எந்தப் பக்கம் என்பார்கள்.
பக்கம் என்றால் என்னவென்று
கேட்பவனுக்கும் தெரியும், சொல்பவனுக்கும் தெரியும்.
பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.
செலவாகவே இல்லை.

டீ வந்தது.
கப்பைப் பார்த்ததும் கை ஆடத் தொடங்கியது.
ஊற்றியவர் பாதியில் நிறுத்தினார்,
என் முகத்தைப் பார்க்காமல்
அடுத்த ஆளுக்கு முழுசாக ஊற்றப் போய்விட்டார்.
இருபத்திரண்டு வருசத்தில்
எனக்குக் கம்மியாக ஊற்றியவர் அவர் ஒருத்தர்தான்.
அளவு சரியாக இருந்தது.

திம்மராயன் தெலுங்கில் பேசினார்,
வீட்டுத் தெலுங்கு, எனக்குப் பாதிதான் எட்டும்.
பசுவை விற்றது புரிந்தது.
பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை,
அதுவும் புரிந்தது.

என் முறை.
"எம் பேரு மாதையன்."
இரண்டாவது வாக்கியம் தொண்டையிலேயே நின்றது.
சுவரைப் பார்த்தேன்.
அணில், ஆமை, இலை, ஈ.
அதற்குக் கீழே
ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தோரம் பென்சில் கோடுகள்,
உயரம் அளந்தவை.
பெயிண்ட் படாத மூலையில் ஒன்று:
லோகேஸ்வரி, 96.

பள்ளிக்கூடத்தின் பேர் தெரியும் எனக்கு.
இடம் தெரியாது.
டைரியில் சிவப்பு மையில் எழுதி வரும்,
தந்தை நேரில் வரவும்.
அவள் அம்மா கையெழுத்துப் போடுவாள்,
அவளே வருவாள்.

"எம் பொண்ணு இங்கதான் படிச்சா" என்றேன்.
கண்டக்டர் கொஞ்ச நேரம் கழித்து,
"செரி, வந்துட்டீங்கல்ல" என்றார்.

இது பதினேழாவது வியாழன்.
நடுவில் ஒன்று போகவில்லை.
அதை அங்கே சொல்லிவிட்டேன், இங்கே வேண்டாம்.
திம்மராயன் இரண்டு வாரமாக வரவில்லை,
போனும் எடுக்கவில்லை.
ஞாயிற்றுக்கிழமை கண்டக்டரும் நானும்
பர்கூர் பக்கம் போய்த் தேட வேண்டும்.
வீடு எதுவென்று இரண்டு பேருக்கும் தெரியாது.

அதற்குள் மாங்காய் சீசன் வந்துவிடும்.
கூழ் பேக்டரியில் எனக்குப் பின்பக்க வேலை,
தோலும் கொட்டையும் குவிந்து
வெயிலில் புளிக்கிற இடம்.
என் மூக்கை நான் நம்புவதில்லை.
டின் மூடுகிற பக்கம் மாற்றச் சொல்லி
சூப்பர்வைசரிடம் கேட்கணும்.
காரணம் கேட்பான். என்னைவிட இளையவன்,
சிரிக்கக்கூடியவன்.

பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு
சொல்லிப் பார்க்கிறேன்.
சார், எனக்கு அந்த வாசம் ஒத்துக்காது.
இல்லை.
சார், ஆஸ்துமா.
இல்லை.
முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிறார்.
சார், நான்

டோல்கேட் வந்துவிட்டது.