தொள்ளாயிரம் ஞாயிறு

மைரிங்கன் கராஜில் நேசராசா
எழுபதாம் ஆண்டு வோல்வோவின் நெஞ்சைத் திறந்து
கார்புரேட்டரைக் கழற்றி
என் நல்ல பாத்திரத்தில் வைத்தான்.
அந்தச் சண்டை தனி.

அது விருந்து வைக்கும் மாமியார்.
மலை ஏற ஏறக் காற்று மெலிவது தெரியாமல்
போதும் போதும் என்றாலும்
அதே கரண்டியால் ஊற்றும்.
பின்னால் வந்த சைக்கிள்காரர்
எங்கள் புகையில் இருமுவார்.

இப்போது புகைக்குழாயில் ஒரு மூக்கு.
முகர்ந்து பார்த்து, கூடினால் குறை என்கிறது.
இன்ஜெக்டர் சொல்பேச்சுக் கேட்கிறது.
நூறு கிலோமீட்டருக்குப் பதினாலு லீட்டர்
பத்தாக இறங்கியது.
ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான்.

ஹாண்டெக் வளைவில் நிறுத்தி
பில்லின் முதுகில் கணக்குப் போட்டேன்.
போட்டது இரண்டாயிரத்து அறுநூறு பிராங்க்.
ஓடுவது ஞாயிறு மட்டும், நாற்பது கிலோமீட்டர்.
காசு திரும்பத்
தொள்ளாயிரம் ஞாயிறு,
பதினேழு வருசத்துக்கும் மேலே.

கிரீஸ் விரலால் காதைச் சொறிந்தான்.
"பாதை மூடுற பனிக்காலத்தைக் கழிச்சியா?"

கழிக்கவில்லை.
கழித்தால் இன்னும் நீளும்.

சாவியைத் திருப்பினான்.
சோக் இழுக்காமல், கெஞ்சாமல்
முதல் தடவையிலேயே பிடித்தது.
பில்லை நாலாய் மடித்து
டாஷ்போர்டுக்குள் வைத்தேன்.
எனக்கு அவசரமில்லை.