தீர்மானம் எண் ஒன்று

கோப்பின் பெயர் நம்பிக்கை_இறுதி_3.
முதல் தோல்விக்குத் தட்டச்சு செய்தது.
அப்போது காரணம் துரோகம்.
அடுத்ததற்குத் தேதியை மாற்றினேன்,
துரோகத்தை எடுத்துவிட்டுப் பணபலம் போட்டேன்.
இன்று காலை அமைப்புச் செயலாளர்
பின்னால் நின்று திரையைப் பார்த்துவிட்டு
"கடும் வெயில்னு போடும்மா" என்றார்.
வெயில் எல்லாக் கட்சிக்கும்தானே சார் அடித்தது
என்று கேட்டிருக்கலாம்.
மூன்று மாதச் சம்பளம் பாக்கி.

அரும்பாக்கத்தில் கல்யாண மண்டபம்.
ஏசிக்குத் தனி வாடகை, அதனால் மின்விசிறி.
வாசலில் நேற்றைய மணமக்கள்
தெர்மோகோலில் பாதி பிய்ந்து தொங்கினார்கள்.
மேடையில் சிவப்பு வெல்வெட் நாற்காலி இரண்டு.
ஒன்றில் தலைவர்.
மற்றதில் உட்கார ஆளில்லை.
பொருளாளர் தன் கைப்பையை அதில் வைக்கப் போய்
பாதியில் எடுத்து
மடியில் வைத்துக்கொண்டார்.

தலைவர் எழுந்தார்.
பிரசாரத்தில் போன குரல் இன்னும் திரும்பவில்லை.
"பொறுப்பேற்று விலகுகிறேன்" என்றார்.
நடவடிக்கைப் புத்தகத்தில் நான்
"வில" வரை எழுதுவதற்குள்
மாதவரம் பகுதிச் செயலாளர் தரையில் புரண்டார்.
வெளியே எவனோ கேனைத் திறந்து
தலையில் கவிழ்த்துக்கொண்டான்.
ஓடிப்போய்ப் பிடித்தவர்கள்
முகர்ந்து பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்கள்.
கேன் வாட்டர்.
அந்த வெயிலுக்கு இரண்டு பேர்
தங்களுக்கும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்கள்.

சிரிக்கலாம்.
தரையில் புரண்டவரின் சட்டைப்பையிலிருந்து
ஒரு அடகுச் சீட்டு விழுந்தது.
அதைக் குறிப்பில் சேர்க்கவில்லை.

தீர்மானம் எண் ஒன்று.
ஆதரிப்பவர்கள்? கைகள்.
எதிர்ப்பவர்கள்?
அப்படிக் கேட்பது மரபு.
கேட்டதும் யாரும் மூச்சுவிடாதது
அதைவிடப் பழைய மரபு.

கடைசி வரிசையில் ஒரு கை எழுந்தது.

மின்விசிறிகளின் சத்தம்
அப்போதுதான் எனக்குக் கேட்டது.
புளியந்தோப்பு, வட்டச் செயலாளர், வஜ்ஜிரவேலு.
தலைவர் நிமிர்ந்து பார்த்தார்.
அந்த முகத்தை எப்படிக் குறிப்பது?
நெடுநாளாக யாரும் வராத வீட்டில்
வாசல் மணி அடித்தது போல.

"பூத் ஏஜெண்டுங்களுக்கு
சாப்பாட்டுக் காசு இன்னும் வர்ல தலைவரே.
பதினாலு பேரு.
பிரியாணிக் கடைல என் பேர்லதான் கணக்கு."

சொல்லிவிட்டு,
தப்பான நேரத்தில் எழுந்த அதே கையை
மறு கையோடு சேர்த்து
முதலில் தட்டியவரும் அவர்தான்.
"ஏகமனதாக, பலத்த கரவொலிக்கிடையே":
கோப்பில் ஏற்கெனவே இருந்தது.
தலைவர் மெதுவாக உட்கார்ந்தார்.
விலகியவர் எப்போது திரும்பி வந்தார் என்று
நேரம் குறிக்கத் தவறிவிட்டேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவரும் நின்றிருந்தார்.
தோள் துண்டை நிறம் தெரியாமல் மடித்து
மஞ்சள் பையில் வைத்திருந்தார்.
"பாவம்னு சீட்டு குடுக்குறாங்கம்மா
பஸ்ல."

இன்னும் ஏன் அண்ணே, என்றேன்.

"தோத்தாதாம்மா நம்ம ஆளு.
ஜெயிச்சுட்டா கேட்டுக்கே உட மாட்டானுங்க."
சொன்னது அவருக்கே பிடிக்காதது போல
பஸ் வரும் திசையில் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு பையிலிருந்து வாக்காளர் பட்டியலை எடுத்தார்.
வேர்வையில் ஓரம் ஊறிய தாள்கள்.
அவர் பூத்தில் விழுந்தது நூற்றுப் பதினான்கு.
பென்சிலால் டிக் அடித்து வைத்திருந்தார்.
"நூத்தி மூணு பேரு யாருன்னு தெரியும்.
சொந்தக்காரன், கூடப் படிச்சவன்,
எனக்குக் கடன் குடுத்தவன்,
என் பொண்டாட்டி மூஞ்சிக்காகப் போட்டவ.
இந்தப் பதினோரு பேருதான்
யாருன்னே புரியல.
எதுக்குப் போட்டாங்கன்னு கேக்கணும்."

நான் யாருக்குப் போட்டேன் என்று
அவர் கேட்கவில்லை.

பஸ் வந்தது, ஒரு பக்கம் சாய்ந்தபடி.
ஏறுவதற்கு முன்
ஜன்னலோர முகங்களை
ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே
பின்படி வரைக்கும் நடந்தார்.