வடக்கே ஒரு வீடு

போனபோது அரை மணி நேரம்தான் ஆயிற்று.
அன்றும் இதே வடக்குக் காற்று.
முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டது எர்மெலிண்டாவை.
ஒரு மூட்டை, ஒரு தையல் இயந்திரம்,
வாய்க்குள் பாதியில் நின்றுபோன வசவு.
பாயை விரித்ததைத் தவிர
அவள் ஒன்றும் செய்யவில்லை.

இதை வாடை என்று சொல்ல முடியாது.
சிலோயே தீவுகளில் வடக்கென்றால் வெதுவெதுப்பு, மழை,
மூன்று நாள் உலராத கம்பளி.
குளிர் ஏறிவருவது தெற்கிலிருந்து.

இன்று காலை ஏழு மணிக்கு
அச்சாவோ துறையில் கயிறு அவிழ்த்தாள்.
கூடை கழுவிக்கொண்டிருந்த ஒனோஃப்ரே
"நாளை மறுநாள் தெற்குக் காற்று எழும்,
படுத்துக்கொண்டே போகலாமே" என்றான்.
நாளை மறுநாள் அவள் மனமும் திரும்பிவிடும்.
அதை அவனிடம் சொல்லவில்லை.

வீடு தெரிகிறது. அதுதான் கொடுமை.
மீன்செதில்போல் மரச்சில்லு வேய்ந்த மஞ்சள் சுவர்,
சரிந்த வேலி,
அவள் நட்ட ஆப்பிள் மரங்கள் மூன்று.
அணியத்தை நேரே அதற்குப் பிடித்தால்
பாய் பதறும், படகு நிற்கும்,
பிறகு பின்னால் நகரும்.
ஆகவே வீட்டை விட்டுவிட்டு
யாருமற்ற ஒரு பாறையை நோக்கி ஓட்டுகிறாள்
தாமானை இறுக்கி, உடம்பைக் காற்றுப் பக்கம் சாய்த்து.
வீடு வலது கன்னத்தில்.
சுக்கானைத் தள்ள, தலைக்கு மேல் பாய் அறைந்து மாற,
வீடு இடது கன்னத்தில்.
மறுபடி வலது.

நண்பகலில் நீரோட்டம் திரும்பி
சம்பாதித்ததில் இரண்டு திருப்பத்தைப் பிடுங்கிக்கொண்டது.
கடந்துபோன அதே பாறை மீண்டும் எதிரே,
அதே நீர்க்காகம் அதன்மேல்.
உருளைக்கிழங்கு ரொட்டியைப் பிட்டுத் தின்றாள்.

பதினோராவது திருப்பத்தில் மணம் வந்தது.
ஈர விறகுப் புகை,
அதற்குள் அடிப்பிடித்த பால்.
இரண்டு வருடமாகியும்
பால் காய்ச்சத் தெரியவில்லை அவனுக்கு.
அவள் நெளிந்து நெளிந்து போக,
அந்த வீடு மட்டும் நேர்கோட்டில் வந்து
மூக்கில் ஏறுகிறது.
வாளி உருளும் ஓசை. நாய்க்குரைப்பு,
பழைய நாய் இல்லை, தொண்டை இளசு.
எல்லாம் வருகிறது இவளுக்கு.
இவளுடைய வியர்வையும்
கூப்பிட்டால் கூப்பிட்ட குரலும்
அச்சாவோவுக்குத்தான் போகும்.
அங்கே ஒனோஃப்ரேவுக்குக் கேட்டிருக்கலாம்
காலையிலிருந்து அவள் திட்டியதெல்லாம்.

குன்றின் மறைவுக்குள் வந்ததும் காற்று செத்தது.
பாய் துவண்டு தொங்கியது.
ஒன்பது மணி நேரம் மல்லுக்கட்டியவன்
சொல்லாமல் எழுந்துபோனதுபோல்.
துடுப்பை எடுத்தாள்.

கொட்டிலிலிருந்து அவன் வெளியே வந்தான்.
கடலைப் பார்க்கவில்லை,
மேலே புகை எந்தப் பக்கம் சாய்கிறதென்று பார்த்தான்.
கொஞ்சம் மெலிந்திருக்கிறான்.
துடுப்பைத் தண்ணீரிலேயே நிறுத்தினாள்.

குன்றில் முட்டி எங்கோ சுழன்ற காற்றின் துண்டொன்று
அவள் பிடரியைத் தொட்டுக்
கரைக்குப் போயிற்று.
நாய் மூக்கைத் தூக்கியது.