பக்கக் கண்ணாடிகள்

"பிடுங்கப் போவதில்லை" என்றார் டாக்டர் நெவென்கா.
"இழைக்கப் போகிறேன். கொஞ்சமே கொஞ்சம்."

கீழ்வரிசையில் முன்பற்கள் ஆறு.
அதில் ஒன்று முப்பது வருடமாக
மற்றவற்றுக்குத் தோளைக் காட்டிக்கொண்டு நிற்கிறது,
அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டியவன் மாதிரி.

கழுத்தில் துண்டு. வாய்க்குள் விளக்கு.
ஜன்னலுக்கு வெளியே ஸ்பிளிட் துறைமுகம்.
சுபெதாருக்குப் போகும் கப்பல்
என்னை விட்டுவிட்டுப் புறப்படுகிறது.
இன்று தளத்தில் கார்களை அடுக்குவது ஷிமே.
அவன் அடுக்கினால் எப்போதும் இரண்டு கார் குறையும்.

சாக்லெட் சுற்றிய வெள்ளித்தாள் போல ஒரு பட்டை.
ஒரு பக்கம் மட்டும் வைரத்தூள்.
"வைரமா? மோதிரத்தில்கூட
எனக்கு யாரும் போட்டதில்லையே"
என்று சொல்ல நினைத்தேன்.
வாய் அவர் வசம் இருந்தது.
"ஆ" என்றேன்.
"ஆமாம்" என்றார்.

வலி இல்லை.
சத்தம்தான்.
அது காது வழியாக வராமல்
தாடை வழியாக வருகிறது.
நங்கூரச் சங்கிலி இறங்குவதை
கப்பலின் வயிற்றுக்குள் படுத்துக் கேட்டிருக்கிறேன்,
அப்படி.

நாக்கு நுனியில் மாவு.
உப்பில்லை, புளிப்பில்லை, ஒரு ருசியும் இல்லை.
நான்தான் அது.
உறிஞ்சுகுழல் வந்து
என்னை எடுத்துக்கொண்டு போனது.

துப்பும்போது கேட்டேன்: "திரும்ப வளருமா?"
"வளராது. நகமா என்ன?"
பிறகு என் முகத்தைப் பார்த்து,
"உங்களிடம் போதுமான அளவு இருக்கிறது, யாத்ரான்கா."

இந்த வாக்கியத்தை
வங்கியில் யாரும் என்னிடம் சொன்னதில்லை.
வக்கீல் சொன்னதில்லை.
வீட்டுச் சாமான்களை இரண்டாகப் பிரித்த
அந்தச் செவ்வாய்க்கிழமையும் சொன்னதில்லை.

மெல்லிய தகடு விட்டு ஒவ்வோர் இடுக்காய் அளந்தார்.
உதவியாள் துயே எழுதிக்கொண்டான்.
புள்ளி இரண்டு. புள்ளி இரண்டு. புள்ளி மூன்று.
புள்ளி இரண்டு. புள்ளி இரண்டு.
கூட்டினால் ஒரு மில்லிமீட்டரும் சொச்சமும்.
ஒரு அரிசி படுக்காது அதில்.

மாலைக் கப்பலுக்கு நான் போய்விட்டேன்.
ஆகஸ்ட் மாதம். வரிசை பேருந்து நிலையம் வரை.
தளம் நிறைந்து, ஷிமே கைகளைக் குறுக்கே வீசியபோது
கரையில் மிஞ்சி நின்றது ஒரு பழைய ரெனோ,
பின் இருக்கையில் நான்கு தேனீப்பெட்டிகள்.
ஓட்டி வந்தவர் ஈரத்துணியை
பெட்டிகள்மேல் பிழிந்துகொண்டிருந்தார்.
அடுத்த கப்பல் இரண்டரை மணி நேரம் கழித்து.
இந்த வெயிலில்.

நான் வரிசைக்குள் பக்கவாட்டில் நுழைந்தேன்.
கண்ணாடிகளைத் தட்டினேன்.
"பக்கக் கண்ணாடியை மடக்குங்கள்.
இரண்டு விரல் முன்னால். போதும்.
நீங்களும்."
ஜெர்மன்காரர் தன் ஜீப்பைச் சுற்றி வந்து பார்த்து,
பெருமூச்சு விட்டு, மடக்கினார்.
ஒரு கன்னியாஸ்திரி ஒரே வெட்டில்
சுவரை முத்தமிடும் தூரத்துக்குப் போய் நின்றார்.
ஒருவன் மட்டும் மாட்டேன் என்றான்.
சரி, இருக்கட்டும்.

ரெனோ உள்ளே வந்தது.
கதவைத் திறக்க இடமில்லை,
அவர் ஜன்னல் வழியே
கால்சட்டை கிழிய இறங்கினார்.
காருக்குள்ளிருந்து அந்த ரீங்காரம்.
காலையில் என் தாடைக்குள் கேட்டதேதான்.
ஷிமே ஒன்றும் பேசவில்லை.
கயிற்றைச் சுருட்டினான்.

பாதிக் கடலில் ஒரு அத்திப்பழம் தின்றேன்.
வழக்கமாக அந்தச் சாய்ந்த பல்லடியில்
ஒரு விதை சிக்கும், நாக்கு தோண்டி எடுக்கும்.
இன்று நாக்கு தேடிப்போனது,
விதை இல்லை.
ஐந்து இடுக்கிலும் காற்று, கூச்சமாய்.

பல் இன்னும் திரும்பவில்லை.
அப்படியே தோளைக் காட்டி நிற்கிறது.
பக்கத்தில் இடம் விழுந்துவிட்டதென்று
அதற்கு இன்னும் தெரியாது போல.