மணிக்கணக்கு

டர்பனில் முதல் வக்கீல் சிரித்தார்.
"கோவிலில் தாலி கட்டினீர்கள், பதியவில்லை.
சட்டத்தின் கண்ணில்
கல்யாணமே நடக்கவில்லை அம்மா,
விவாகரத்து எதற்கு?"
இருபத்திரண்டு வருஷம்
யாருடைய சட்டையைத் தேய்த்தேன் என்று
லிஃப்டில் இறங்கும்போதுதான்
கேட்கத் தோன்றியது.

இன்னொருவர் நல்லவர், தேநீர் கொடுத்தார்.
சுவரில் காவடித் திருவிழாப் படம்;
நன்கொடையாளர் வரிசையில் அவர்,
அவர் தோளில் கைபோட்டபடி
என் புருஷன் சபாபதி.
பாதித் தேநீரோடு எழுந்து
பஸ் பிடித்தேன்.

சாட்ஸ்வர்த்தில் டயர் கடைக்கு மேலே
மிஸ் படையாச்சி. மின்சாரம் போயிருந்தது,
ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.
"சாட்சி சொல்ல ஐயர் இருக்கிறாரா?"
செத்துப்போனார்.
"சரி. கூரைக்கு யார் பணம் கொடுத்தது?"

என்னிடம் யாரும்
அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.
பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன்:
தகரத்துக்கு, ஆணிக்கு, தண்ணீர்த் தொட்டிக்கு,
தையல் ஆலைச் சம்பளத்தில்
மாதாமாதம் கட்டிய ரசீதுகள்.
மை மங்கியவற்றை
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தாள்.
ஒன்றையும் தாண்டவில்லை.

அப்போதுதான் அழுகை வந்தது எனக்கு.
அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.
"மணிக்கணக்கில்தான் என் கூலி, கோகிலாம்பாள்.
வீட்டில் அழுதால் இலவசம்.
வெள்ளிக்கிழமை வாங்க,
கல்யாண ஆல்பத்தையும் எடுத்து வாங்க."

இவள்தான் என்று
அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டேன்.

பஸ்ஸில் அழுதுகொள்ளலாம் என்றிருந்தேன்.
ஒரே கூட்டம்,
நிற்கவே இடமில்லை.