பிறைக் கோடு

சட்டையைக் கழற்றச் சொன்னேன்.
வலது கை காதுவரை ஏறவில்லை.
இடது கையால் உரித்துப் போட்டார்,
நண்டு தன் ஓட்டை விடுவதுபோல.
தாயத்து, சங்கிலி ஏதாவது?
ஒன்றுமில்லை. தோலில் உப்பு மட்டும்.

இபுராம்சா, நாற்பத்தொன்று, கீழக்கரை.
தொழில் என்ற கட்டத்தில் 'கூலி'.

தட்டில் ஒட்டி நிறுத்தினேன்.
மூச்சை இழுங்க.
அடக்குங்க.
பொத்தானில் விரல் வைக்கவும் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் அறைக்கு ஓடி,
சாவியைத் தேடி, சாவி வைத்திருந்தவரைத் தேடித்
திரும்பி வந்தால்
மனிதர் இருட்டில் அப்படியே நிற்கிறார்,
நெஞ்சு ஏறி, வாய் பூட்டி.
விடலாம் என்று நான் சொல்லவில்லையாம்.

கூலி எந்தக் கூலி என்று அப்போதே தெரிந்துவிட்டது.
பதினேழு வருடம்
பாருக்குப் பார் சங்கு தடவிய தோள்.

படம் கழுவி வந்தது.
புஜ எலும்பின் தலை உருண்டையாக இருக்க வேண்டும்,
கிண்ணத்தில் உருளும் கோலிக்குண்டாக.
இவருடையது மேல்பக்கம்
நனைந்த அப்பளமாய் அமுங்கிக் கிடந்தது.
அமுங்கலுக்கு அடியில் மெல்லிய கறுப்பு வளைவு.
டாக்டர் விளக்குப் பெட்டியில் மாட்டி, பிறை என்றார்.
அந்தக் கோட்டுக்குப் பெயரே அதுதான்.
அதற்கு மேலே இருப்பது செத்த எலும்பு.
ஆழத்திலிருந்து அவசரமாக ஏறுகிறவனின் ரத்தத்தில்
சோடாவை உடைத்ததுபோல் குமிழி.
குமிழி அடைத்த இடத்தில் எலும்புக்குச் சோறில்லை.

கம்ப்ரசரா?
இல்லைங்க. சும்மா மூச்சுதான்.
அதற்குத் தடை என்பது மூவருக்கும் தெரியும்.
டாக்டர் என்னைப் பார்த்தார்.
நான் படத்தின் மூலையில்
வலது என்று காட்டும் ஈய எழுத்தைப் பார்த்தேன்.
சீட்டில் 'தோள்வலி' என்று எழுதினார்.

அதே வாரம் சின்னப்பாலத்திலிருந்து
பாசி எடுக்கிற நம்புத்தாய்.
விரல் முட்டெல்லாம் கிழங்கு கட்டியிருந்தது,
மோதிரம் கணுவைத் தாண்டவில்லை.
சோப்புப் போட்டோம், எண்ணெய் போட்டோம்,
கடைசியில் அதோடேயே எடுத்தேன்.
எலும்பைவிட வெள்ளையாய் விழுந்திருந்தது வளையம்.
பவுன் நிறம் தெரியலையே என்றாள்.
தெரியாதும்மா.

மார்கழியில் கிரகணம் வந்தது.
பள்ளிவாசல் ஒலிபெருக்கி
தொழுகைக்கு அழைத்து ஓய்ந்திருந்த நேரம்.
வேறு வேலையாகக் கீழக்கரை போயிருந்தேன்.
ஜெட்டியில் இபுராம்சா,
இடது கையில் உயர்த்திப் பிடித்த தன் படம்,
சுற்றி நாலைந்து பொடிசுகள்.

அது கண்ணுக்கு ஆகாது என்றேன்.
ஒரு நொடிதானே என்று நீட்டினார்.

எலும்பு வழியாகப் பார்த்தேன், கூசியது.
அந்த வெள்ளை எதையும் தடுக்கவில்லை.
தோளுக்கு வெளியே
ஆளே இல்லாத கறுப்பில்தான்
சூரியன் சிறுத்துக் கடிபட்டு நின்றது.
பிறை தெரியுதா என்றார்.
எந்தப் பிறையைக் கேட்கிறார்?
தெரியுது என்றேன்.
இதுக்கு நோன்பு கிடையாது என்று
அவர் சிரித்ததில் வலது தோள் மட்டும் குலுங்கவில்லை.

பின்னால் வள்ளத்தில் யாரோ
சுருட்டி வைத்த மஞ்சள் குழாயைத்
தார்ப்பாயின் கீழே தள்ளினார்கள்.
அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.
நான் படத்தை இன்னும்
கண்ணிலிருந்து இறக்கவில்லை.