எடையிட்ட சராசரி

பழைய ரெக்கார்டு நோட்டின் நடுப்பக்கத்தைக் கிழித்து
ஐந்து வரிசை, ஏழு கட்டம் போட்டேன்.
வரிசையில் ஊர்கள்:
மதுரை, காரைக்குடி, திருச்சி, நெல்லை, கோவை.
ஊருக்கு ஒரு பல்கலைக்கழகம்,
ஐந்தும் அரசாங்கத்தது.
கட்டங்களில் கட்டணம், விடுதி, தண்ணீர்,
நூலகம் எத்தனை மணிவரை,
எம்.எஸ்ஸி.க்கு ஆசிரியர் எத்தனை பேர்,
அதில் தற்காலிகம் எத்தனை பேர்,
படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே.

கடைசிக் கட்டம்தான் நிரம்ப மறுத்தது.
யாரைக் கேட்டாலும்
"நல்லாத்தான் இருக்காங்க."
இதற்கு எத்தனை மார்க் போட?

நெல்லையில் படிக்கும் ஜெனோவா அக்கா
போனில் ஒரு மணி நேரம் பேசினாள்,
சாம்பாரைப் பற்றி நாற்பது நிமிடம்.
விடுதிக்கு ஐந்து போட்டுக்கொண்டேன்.
"காத்து அப்படி அடிக்கும்டி, கையில பேப்பர் நிக்காது"
என்றாள் வைக்கும்போது.
காற்றுக்குக் கட்டம் இல்லை.

ஷமீமா கட்டமே போடவில்லை.
திருச்சி. மாமி வீடு பாலக்கரையில். முடிந்தது.
ஒரு நாள் முழுக்க அவள்மேல் பொறாமையாக இருந்தேன்.

அப்பா மாட்டுத்தாவணியில் நேரக்காப்பாளர்.
ஊர் என்றால் அவருக்குப் புறப்படும் நேரம்.
காரைக்குடி என்றதும் மேலூர், திருப்பத்தூர்,
கூட்டமா காலியா, கண்டக்டர் யாரு.
அனுப்பிவைத்த ஊர்களில் பாதியை
அவர் பார்த்ததே கிடையாது.
கோவையைக் காட்டினேன்.
உதட்டைப் பிதுக்கினார்:
"அது ஆரப்பாளையம்."
அதற்கு மேல் அந்த ஊரைப் பற்றி
அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அம்மாவின் விரல் மதுரையில் நின்றது.
நாகமலைப் பக்கம்தானே.
ஒத்தக்கடையிலிருந்து பெரியாருக்கு ஒரு பஸ்,
பெரியாரிலிருந்து இன்னொன்று,
பொம்பளைப் பிள்ளைக்கு டிக்கெட்டும் கிடையாது,
ஆறரைக்கெல்லாம் வீடு.
ஆறரைக்கு வீடு என்றால்
ஆறேமுக்காலுக்கு அரிசி களைவது நான்.
தம்பிக்கு டியூஷன்.
அவளும் இதைச் சொல்லவில்லை,
நானும் எழுதவில்லை.

மூன்று வருடம் படித்ததை நம்பி
ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எடை கொடுத்தேன்.
கட்டணத்துக்கு முப்பது, ஆசிரியருக்கு இருபத்தைந்து,
பெருக்கி, கூட்டி, நூறால் வகுத்தால்
மதுரை.
கணக்கில் தப்பில்லை. மறுபடி போட்டாலும்
மதுரைதான்.

கட்டணத்தை இருபத்திரண்டாக்கினேன்.
மதுரை.
நூலகத்தை ஏற்றினேன்.
நெல்லை கொஞ்சம் நெருங்கி வந்து மூச்சு வாங்கியது.
தண்ணீரை இறக்கினேன்.
அழித்து அழித்துக் காகிதம் மெலிந்து
பின்பக்கத்துப் பழைய சோதனை ஒன்று தெரிந்தது.
இரவு பதினொன்றேகாலுக்கு,
தண்ணீருக்கு இரண்டே இரண்டு சதவீதம் என்ற நிலையில்
காரைக்குடி ஜெயித்தது.

கைதட்டலாம்போல இருந்தது.
அப்புறம்தான் உறைத்தது.
விடையை வைத்துக்கொண்டு எடையைத் தேடுவதற்கு
எங்கள் துறையில் ஒரு பெயர் உண்டு.
நல்ல பெயர் இல்லை.
அழித்த இடங்களை ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்தேன்.
எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.

ஓரத்தில், இடமில்லாத இடத்தில்,
எட்டாவதாக ஒரு கட்டம்:
'சாயங்காலம் வீடு திரும்ப முடியாது.'
மதுரைக்குப் பூஜ்யம்.
காரைக்குடிக்கு ஏழு.
அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் வந்துவிடலாம்,
அரிசிக்காக வரமுடியாது.
நெல்லைக்கும் கோவைக்கும் பத்து போட்டிருக்கலாம்.
பென்சிலுக்கு அவ்வளவு தைரியமில்லை.

காலையில் டூட்டிக்குக் கிளம்பிய அப்பா
காகிதத்தை எடுத்துப் பார்த்தார்.
எட்டாவது கட்டத்தில் கண் நின்றதா, தெரியவில்லை.
சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி
காரைக்குடிக்கு எதிரே எழுதினார்:
5.10, 5.35, 6.00.

எல்லாம் புறப்படும் நேரங்கள்.
திரும்பி வரும் பஸ்களுக்கு
அவரிடம் நோட்டு இல்லை.